மூணு துப்பாக்கிக்கு எத்தனை கம்பி?

ரைஃபிள் க்ளப்புக்குப் போறேன்னு சொன்னாலே போதும், கேக்குறவங்க மனசுல ஒரு சினிமா ஓட ஆரம்பிச்சுடும். கறுப்புக் கண்ணாடி, சாய்ஞ்சு நின்னு குறி பாக்குற ஹீரோ, பின்னணியில ட்ரம்ஸ். நிஜத்துல நாங்க சுடுறது ஒரு மணி நேரம்னா, துணியும் எண்ணெயும் கம்பியுமா உக்காந்து தொடைக்கிறது இன்னொரு மணி நேரம். பாக்க சைக்கிள் கடையில ஓவராயிலிங் பண்ற மாதிரிதான் இருக்கும். ஹீரோயிசம் எல்லாம் அந்த எண்ணெய்த் துணியிலயே போயிடும் :-)

இந்தப் பதிவு அந்தக் கம்பியைப் பத்தித்தான். க்ளீனிங் ராடு. இதுக்கெல்லாம் ஒரு பதிவான்னு கேக்காதீங்க. போன மூணு மாசம் எங்க வீட்லயும் க்ளப்லயும் இதுதான் பேச்சு. தங்கமணி ஒரு கட்டத்துல, "ஜன்னல் கம்பிக்குக் கூட நாம இவ்வளவு யோசிக்கலையேங்க"ன்னு சொல்லிட்டாங்க.

விஷயத்துக்கு வரேன். எங்க குடும்பத்தைச் சுத்தி மூணு துப்பாக்கி இருக்கு.

ஒண்ணு, பொண்ணு பத்து மீட்டர் போட்டிக்கு எடுத்துட்டுப் போற ஏர் ரைஃபிள். 4.5 மி.மீ., அதாவது .177. 2008ல பெய்ஜிங்ல அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கினாரே, அதே பிரிவு. இதுல வெடிமருந்தே கிடையாது. அழுத்தின காற்றுதான் ஈயக் குண்டைத் தள்ளுது.

ரெண்டாவது, க்ளப்போட .22. பழைய ஜெர்மன் துப்பாக்கி, 50 மீட்டர் போட்டிக்கு. 2024 பாரிஸ்ல ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கின பிரிவுக்கு இந்த காலிபர்தான். எங்க க்ளப்ல பதினோரு பசங்க இந்த ஒரே துப்பாக்கியை முறை வெச்சு எடுக்குறாங்க. அடுத்த வருஷம் பொண்ணும் அந்த வரிசையில சேரப் போறா.

மூணாவது, மாமனாரோட .315. கம்பம் பக்கம் மலையடிவாரத்துல தோட்டம். காட்டுப்பன்னி தொல்லைக்குன்னு அவங்கப்பா காலத்துல லைசன்ஸ் எடுத்தது, இப்ப இவர் பேர்ல இருக்கு. அதுல குண்டு போட்டு வருஷக்கணக்காச்சு. ஆனா தேர்தல்னு வந்தா கொண்டுபோய் ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும். முடிஞ்சப்புறம் திரும்பி வரும்போது குழலுக்குள்ள லேசா செம்பழுப்பு தட்டியிருக்கும். யாரையும் குத்தம் சொல்ல முடியாது. இரும்பு, ஈரம், மாசக்கணக்கு. துருப் பிடிக்கத்தான் செய்யும்.

அப்படி ஒரு தடவை திரும்பி வந்தப்பதான் போன் பண்ணினார். "மாப்ள, நீங்க எப்படியும் க்ளப்புக்குக் கம்பி வாங்கப் போறீங்கல்ல, எல்லாத்துக்கும் சேரற மாதிரி ஒண்ணா வாங்கிடுங்க. மூணு எதுக்கு? கம்பிதானே மாப்ள!"

நியாயமான கேள்விதான். கடையில அப்படி ஒண்ணு கிடைக்கவும் செய்யுது. ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ள மூணு துண்டு அலுமினியக் கம்பி, மரை போட்டு ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கலாம். கூடவே வரிசையா பிரஷ்ஷு. சின்ன .22லேர்ந்து ஷாட்கன் வரைக்கும் எல்லாத்துக்கும் ஆகும்னு மேல எழுதியிருக்கும். எங்க க்ளப் கமிட்டியில பொருளாளருக்கும் அந்த டப்பாதான் பிடிச்சிருந்தது. நல்ல ஒத்தைக் கம்பி ஒண்ணு வாங்குற காசுக்கு அந்த டப்பா மூணு வாங்கலாமே!

இங்கதான் எங்க ரேஞ்ச்சைப் பாத்துக்குற சுபேதார் சார் குறுக்க வந்தார். ராணுவத்துல இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். உள்ள போய், அந்த .22லேர்ந்து கழட்டி வெச்ச பழைய குழலை எடுத்துட்டு வந்து மேசை மேல வெச்சார். பாக்கெட்லேர்ந்து வாட்ச் ரிப்பேர்க்காரங்க கண்ணுல மாட்டுற லென்ஸ் ஒண்ணை எடுத்து எங்கிட்ட கொடுத்தார்.

"வாயைப் பாருங்க தம்பி."

பாத்தேன். குழலோட வாய் விளிம்பு வட்டமா இருக்கணும்ல? ஒரு பக்கம் மட்டும் லேசா அமுங்கி, கிணத்துக் கட்டையில கயிறு தேய்ச்ச தடம் மாதிரி இருந்தது. உள்ள இருக்குற சுருள் வரிகள் அந்தப் பக்கம் மட்டும் மழுங்கிப் போயிருந்தது. "இது குண்டு பண்ணினது இல்ல. இத்தனை வருஷமா அவசரக் கை எல்லாம் வாய்ப்பக்கமிருந்து கம்பியை விட்டு விட்டு ஆட்டினது"ன்னார்.

குழல் வாய் விளிம்புக்கு க்ரௌன்னு பேரு. குண்டு கடைசியா துப்பாக்கியைத் தொட்டு விடுற இடம் அது. குண்டு வெளிய வர்ற நொடியில பின்னாலயே வர்ற வாயு எல்லாப் பக்கமும் ஒரே நேரத்துல, ஒரே மாதிரி வெளிய போகணும். விளிம்பு ஒரு பக்கம் தேஞ்சிருந்தா அந்தப் பக்கம் வாயு முந்திக்கும், குண்டோட வாலைத் தட்டிவிடும். 50 மீட்டர் இலக்குல பத்து மார்க் வட்டத்தோட விட்டம் 10.4 மி.மீ. நம்ம சுண்டுவிரல் நகம் அளவு. அங்க போய்ச் சேரும்போது அந்தச் சின்னத் தட்டல் ஒன்பதாவோ எட்டாவோ ஆகியிருக்கும். சுட்ட பையன் தன் கை நடுங்கிடுச்சுன்னு நினைச்சுப்பான். எங்க பசங்க ரெண்டு சீசன் அப்படித்தான் நினைச்சிட்டு இருந்தாங்க. அதுல ஒருத்தன் ஆட்டோ ஓட்டுறவர் பையன். தினமும் காலையில அஞ்சரைக்கு வந்து நிக்கிறவன். "எனக்கு வராது போல அங்கிள்"னு ஒரு நாள் சொன்னான் பாருங்க, அதைக் கேட்டப்ப கஷ்டமா இருந்தது.

அதுக்கப்புறம்தான் எல்லார்கிட்டயும் காசு சேர்த்து புதுக் குழல் வரவழைச்சு மாட்டினோம். இப்ப அந்தப் புதுக் குழலுக்குள்ள என்ன கம்பி போகப் போகுதுங்கறதுதான் கேள்வி. கமிட்டி என்னைப் பாத்து, "நீங்களே பாத்து ஒரு லிஸ்ட் போடுங்க"ன்னுடுச்சு.

ஒரு சின்னக் கணக்கு சொல்றேன். அறுபது ரவுண்டு போட்டின்னா குழலுக்குள்ள அறுபது குண்டு போகுது. ஒரு திசையில மட்டும், ஆளுக்கு ஒரே தடவை. அதுவும் .22 குண்டு மெத்துன்னு ஈயம், மேல மெழுகு. அப்புறம் க்ளீன் பண்றோம். பிரஷ்ஷைப் பத்து தடவை போகவர விட்டா இருபது பயணம். எட்டுத் துணி போட்டு இழுத்தா இன்னும் பதினாறு. கம்பி ஈயம் இல்ல. கூடவே நேத்தைய அழுக்கும் மணல் தூசியும் ஒட்டியிருந்தா அது உப்புத்தாள். இப்ப சொல்லுங்க, குழலைத் தேய்க்கிறது குண்டா, கம்பியா?

அதனால "எந்தத் துப்பாக்கிக்கு எந்தக் கம்பி"ன்னு பாக்கும்போது நான் நாலு விஷயம் பாத்தேன். தடிமன், பொருள், நீளம், முனை. ஒவ்வொண்ணா வரேன்.

தடிமன்

காலிபர் பேரைப் பாத்து மிரளவேணாம். தோட்டாக்களுக்குத்தான் நூத்துக்கணக்குல பேரு. குழலோட உள்வட்டம் சில அளவுகள்லதான் அடங்கும். .22 ரிம்ஃபயர், .223, ராணுவத்தோட இன்சாஸ் எடுக்குற 5.56 எல்லாமே கிட்டத்தட்ட ஒரே வட்டம். தோட்டா வேற வேற, சக்தி மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், ஆனா கம்பி ஒண்ணே. அதே மாதிரி .308, .30-06, 7.62, .303, 8 மி.மீ. எல்லாம் ஒரு கோஷ்டி. மாமனாரோட .315 அங்குலம்னா 8 மி.மீ. தான். பிரஷ்ஷும் முனையும் மாறும், கம்பி மாறாது.

(இந்த .315 நம்ம ஊர்ல இவ்வளவு பரவினதுக்கு ஒரு காரணம் உண்டு. .303 ராணுவத் தோட்டாங்கறதால வெள்ளைக்காரன் காலத்துலேயே பொதுமக்களுக்குத் தடை. அதனால பொதுமக்களுக்குன்னு இந்த அளவு வந்தது. மேற்கு வங்கத்துல இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரியில லீ என்ஃபீல்டு அமைப்பை ஒட்டியே இதைச் செஞ்சாங்க.)

அப்ப .22க்கான மெல்லிசுக் கம்பியை வெச்சே .315ஐயும் தொடைச்சிடலாமேன்னு தோணும். மாமனாரும் அதைத்தான் கேட்டார். நுழையும். ஆனா சுமார் 5 மி.மீ. கம்பி, 8 மி.மீ. குழலுக்குள்ள இறுக்கமான துணியைத் தள்ளும்போது நடுவுல வில் மாதிரி வளையும். வளைஞ்ச இடம் குழலோட உள்பக்கத்துல உரசிக்கிட்டே போகும். தூரிகைக் குச்சியால ஒட்டடை அடிக்கிற கதை. பெரிய குழலுக்கான கம்பி .22க்குள்ள நுழையவே நுழையாது. ஆக விதி ரொம்ப எளிது: குழலுக்குள்ள உரசாம போகக்கூடிய கம்பிகள்ல எது தடியோ, அது.

நுழையாத கதையும் ஒண்ணு சொல்லிடறேன். இதுல உயிரே போயிருக்கு. வியட்நாம் போர்ல அமெரிக்க ராணுவம் 7.62 மி.மீ. துப்பாக்கியிலேர்ந்து 5.56 மி.மீ. எம்-16க்கு மாறினாங்க. இதுக்கு அவ்வளவா க்ளீனிங் தேவையில்லைங்கற மாதிரி ஒரு பேச்சு கிளம்பிடுச்சு. தோட்டாவுல மருந்தையும் வேற மாத்திட்டாங்க. கம்பியும் பிரஷ்ஷும் போதுமான அளவு வரலை. பழைய 7.62 பிரஷ்ஷோ இதுக்குள்ள போகாது. ஈரக் காட்டுல சேம்பர் துருப்பிடிச்சு, சுட்ட வெற்றுத் தோட்டா உள்ளேயே மாட்டிக்கிச்சு. மாட்டினதை வெளிய தள்ள வாய்ப்பக்கமிருந்து குத்த ஒரு கம்பி வேணும். அந்தக் கம்பிதான் இல்ல. சிப்பாய்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதி க்ளீனிங் சாமான் அனுப்பச் சொல்லியிருக்காங்க. 1967ல அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரணையே நடந்தது. அப்புறம்தான் சேம்பருக்குக் குரோமியப் பூச்சு, ஆளுக்கொரு க்ளீனிங் கிட், படக்கதை வடிவத்துல ஒரு கையேடு எல்லாம் வந்தது. அந்தப் படங்களை வரைஞ்சவர் காமிக்ஸ் உலகத்துல பெரிய பேரு, வில் ஐஸ்னர்.

"கம்பிதானே மாப்ள"ன்னு மாமனார் அடுத்த தடவை சொன்னப்ப இந்தக் கதையைத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் லைன்ல சத்தமே இல்ல.

பொருள்

இதுல ரெண்டு கட்சி இருக்கு. டீக்கடை அரசியல் மாதிரி, தீரவே தீராது.

முதல் கட்சி: மெத்துன்னு இருக்குறதுதான் நல்லது. பித்தளை, அலுமினியம், இல்லன்னா மேல நைலான் பூசின எஃகுக் கம்பி. குழல் எஃகை விட இதெல்லாம் மென்மை, அதனால கீறாதுன்னு வாதம்.

எதிர்க்கட்சி: மென்மையா இருக்குறதுதான் பிரச்சனையே. மணல் துகளும் கரித்துகளும் மெத்துன்னு இருக்குற மேல்பரப்புல போய்ப் பதிஞ்சுக்கும். அப்புறம் அது கம்பி இல்ல, அரம். பளபளன்னு மெருகேத்தின எஃகுன்னா எதுவும் பதியாது, ஒரு தடவை துடைச்சா சுத்தம்.

ரெண்டுமே உண்மைதான். அதனால எந்தக் கம்பியா இருந்தாலும் ஒவ்வொரு தடவை வெளிய வரும்போதும் கம்பியைத் துணியால துடைக்கணும். பூச்சு உள்ள கம்பின்னா இது கட்டாயம். கார்பன் ஃபைபர்னு ஒண்ணு இருக்கு. வளைஞ்சாலும் பழையபடி நிமிர்ந்துடும், லேசு. ஆனா அளவுக்கு மீறி வளைச்சா எஃகு மாதிரி மடங்காது, சிலும்பு சிலும்பா உடையும். பதினோரு பசங்க கைக்கு அது வேணாம்னு நானும் சுபேதார் சாரும் முடிவு பண்ணினோம்.

ரெண்டு கட்சியும் ஒத்துப்போற ஒரே இடம், மூணு துண்டுக் கம்பி கூடாதுங்கறதுதான். இணைப்பு வர்ற ஒவ்வொரு இடத்துலயும் ஒரு சின்ன விளிம்பு இருக்கும். நேராவும் நிக்காது. இழுக்கும்போதும் தள்ளும்போதும் அந்த விளிம்பு உள்வரியில தட்டிக்கிட்டே போகும். காட்டுக்கோ தோட்டத்துக்கோ எடுத்துட்டுப் போக, அவசரத்துக்கு மாட்டிக்கிட்டதை வெளிய தள்ள, அது சரி. மேசை மேல வெச்சு வாராவாரம் தொடைக்க அது ஆகாது. பொருளாளருக்கு நான் சொன்ன முதல் காரணமே இதுதான்.

நீளம், கைப்பிடி, மரை

போல்ட்டைக் கழட்டிட்டு, குழல் வாயிலேர்ந்து துப்பாக்கியோட பின்பக்கத் திறப்பு முடியிற இடம் வரைக்கும் தையல் டேப்பால அளங்க. போர் கைடு (அது என்னன்னு கீழ சொல்றேன்) பின்னால நீட்டிட்டு இருக்குற நீளத்தைச் சேருங்க. கை இடிக்காம இருக்க இன்னொரு நாலு அங்குலம். அதுக்கு அடுத்து கடையில கிடைக்கிற அளவு எதுவோ அது. எங்க .22க்கு 36 அங்குலக் கம்பி பத்தலை, 44 அங்குலம் தேவைப்பட்டது. மாமனார் தன்னோடதை அளந்து போன்ல சொன்னார், அவருக்கு 36 தாராளம். எதுக்கும் இருக்கட்டும்னு ரொம்ப நீளமாவும் வாங்கக் கூடாது. நீளம் கூடக் கூட வளைவும் கூடும்.

கைப்பிடியில பால் பேரிங் இருக்கணும். குழலுக்குள்ள வரி நேரா இல்ல, சுருளா போகுது. .22ல வழக்கமா 16 அங்குலத்துக்கு ஒரு சுத்து, .303ல 10 அங்குலத்துக்கு ஒரு சுத்து. நாம கையால இறுக்கிப் பிடிச்சாலும் கம்பி மட்டும் அந்த வரியோட சேர்ந்து சுத்தணும். சுத்தலைன்னா பிரஷ்ஷு வரியை விட்டுட்டு மேடு தாண்டித் தாண்டிப் போகும், இல்லன்னா போற போக்குல மரை கழண்டுடும். (பிரஷ்ஷுக்குத்தாங்க!)

மரை விஷயத்துல ஏமாறாதீங்க. அமெரிக்கக் கம்பிகள்ல 8-32ங்கற மரைதான் பரவலா இருக்கு. .17, .20 மாதிரி மெல்லிசுக் கம்பிக்கு 5-40. சில கம்பிகள்ல 8-36 வரும், அதுக்கு ஒரு பித்தளை அடாப்டர் போடணும். ஐரோப்பியக் கம்பிகள்ல மில்லிமீட்டர் மரையும் உண்டு. க்ளப்ல ஏற்கனவே ஒரு டப்பா நிறைய பிரஷ் இருக்கேன்னு கம்பியை மட்டும் வாங்கினா ஒண்ணோட ஒண்ணு சேராது. கம்பி, பிரஷ், முனை எல்லாம் ஒரே மரையான்னு காசு கொடுக்குறதுக்கு முன்னாடி பாத்துடணும்.

முனை

ரெண்டு வகை. ஊசிக்காது மாதிரி ஓட்டை உள்ளது ஒண்ணு, அதுல துணியைக் கோத்து இழுக்கலாம். இன்னொண்ணு ஜாக். கூரான நுனியில துணியோட நடுவைக் குத்தித் தள்ளணும். ஜாக்ல துணி சுத்தி சமமா அழுத்தும். வாய்ப்பக்கம் வெளிய வந்ததும் அழுக்குத் துணி தானா கீழ விழுந்துடும், அழுக்கு திரும்ப உள்ள வராது. எங்க ஓட்டு ஜாக்குக்கு.

மாமனாருக்கு ஒரு தனிக் குறிப்பு. .315 குண்டுக்கு மேல உலோக உறை இருக்கும், செம்பு குழலுக்குள்ள ஒட்டும். அதைக் கரைக்கிற மருந்து செம்பைத் தொட்டா நீலப்பச்சையா மாறும். பித்தளை ஜாக்லயும் செம்பு இருக்கே! குழல் சுத்தமானப்புறமும் துணி நீலமா வந்துக்கிட்டே இருக்கும், மனுஷன் விடிய விடியத் தொடைச்சிட்டே இருப்பார். அதனால அவருக்கு நிக்கல் பூசின ஜாக். .22ல வெறும் ஈயம்கறதால இந்தப் பிரச்சனையே இல்ல.

துணிக்குன்னு தனியா செலவு பண்ண வேணாம். பழைய பனியன் துணியை சதுரமா வெட்டிக்கலாம். ராணுவத்துலயும் என்சிசியிலயும் இதுக்கு சிந்தின்னு பேரு. சுபேதார் சார் ஒரு தடவை ஆரம்பிச்சா, புல்-த்ரூ காலத்துக் கொசுவத்தியைச் சுத்திடுவார். ஒரு கயிறு, முனையில பித்தளை எடை, வால்ல சிந்திக்கு ஒரு வளையம். பின்பக்கமிருந்து எடையை உள்ள விட்டு வாய்ப்பக்கமிருந்து ஒரே இழுப்பு. லீ என்ஃபீல்டுல அந்தக் கயிறும் எண்ணெய் புட்டியும் கட்டைக்குள்ளேயே ஒரு பொந்துல இருக்குமாம். "கயித்தைச் சாய்ச்சு இழுத்தா உஸ்தாத் முதுகுல ஒண்ணு வைப்பார் தம்பி"ன்னார். சாய்ச்சு இழுத்தா கயிறுகூட எஃகைத் தேய்ச்சிடும். கயித்துக்கே அந்தக் கதின்னா கம்பிக்குக் கேக்கணுமா?

கம்பியை விட முக்கியமான ரெண்டு சங்கதி

ஒண்ணு, போர் கைடு. போல்ட்டைக் கழட்டின இடத்துல சொருகுற ஒரு பிளாஸ்டிக் குழாய். கம்பி அது வழியா நேரா, நட்ட நடுவுல உள்ள போகும். மருந்தும் ட்ரிகர் பக்கம் ஒழுகாது. இது இல்லாம எவ்வளவு உசத்தியான கம்பி வாங்கினாலும் பிரயோஜனமில்ல.

ரெண்டு, திசை. பின்னாலேர்ந்து முன்னால, குண்டு போற வழியில. வாய்ப்பக்கமிருந்துதான் விட முடியும்னு சில துப்பாக்கிகள் உண்டு, அமெரிக்காவோட பழைய எம்-1 காரண்ட் மாதிரி. அதுக்கெல்லாம் வாய்ல மாட்டுற ஒரு மூடி கிடைக்கும். அதுல நடு ஓட்டை வழியா கம்பியை விட்டா விளிம்புல படாது.

சரி, பொண்ணோட ஏர் ரைஃபிளுக்கு? அங்க வெடிமருந்தே இல்லாததால கரியும் இல்ல. பித்தளை பிரஷ்ஷைப் பக்கத்துலயே கொண்டு போகக் கூடாது. பின்பக்கமிருந்து நேரா கம்பி விடவும் அதோட அமைப்புல வழியில்ல. அதுக்குன்னே ஃபெல்ட்ல செஞ்ச சின்னத் தக்கை கிடைக்குது. இல்லன்னா தடிமனான தூண்டில் நரம்பு. அதைக் குழலுக்குள்ள கோத்து, குண்டு வைக்கிற பக்கம் ஒரு துண்டுத் துணியைக் கட்டி, வாய்ப்பக்கமா மெதுவா நேரா இழுத்தா வேலை முடிஞ்சது. ஆக, அவளுக்குக் கம்பியே வேணாம்.

கடைசியா, எத்தனை தடவை? இதுல நம்ம ஊர்ப் பழக்கம் "தினமும் தேய், பளபளன்னு இருக்கணும்". கொல்லையில பித்தளைக் குடத்துக்குச் சரி. மேட்ச் .22க்கு நல்ல தோட்டா போட்டா பெரும்பாலும் ரெண்டு மூணு துணியே போதும், பிரஷ் எப்பவாவது. குழலை ரொம்பத் துடைச்சுட்டா முதல் சில ரவுண்டு இலக்குல அலையவும் செய்யும், திரும்ப மெழுகு படியணும். .315 கதை வேற. சுடாம வெச்சிருக்குற துப்பாக்கிக்கு எதிரி ஈரம்தான். மழைக்காலத்துல மாசம் ஒரு தடவை எண்ணெய்த் துணி. பழைய ராணுவத் தோட்டாக்கள் பலதுல ப்ரைமர்ல பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டப்புறம் அது உப்பா படியும், ஈரத்தை இழுக்கும். எண்ணெயோ மண்ணெண்ணெயோ உப்பைக் கரைக்காது, தண்ணிதான் கரைக்கும். அதனாலதான் அந்தக் காலத்துல புனல் வெச்சுக் கொதிக்கிற தண்ணியைக் குழல் வழியா ஊத்தி, காய விட்டு, அப்புறம் எண்ணெய் போட்டாங்க. காரணம் தெரியாதவங்களுக்குப் பைத்தியக்காரத்தனமாத் தெரியும்.

கமிட்டி மீட்டிங்ல இவ்வளவும் சொல்லலைங்க. சொல்லியிருந்தா தூங்கியிருப்பாங்க. பழைய குழலையும் லென்ஸையும் வட்டமா கை மாத்தி விட்டோம். பொருளாளர் ரொம்ப நேரம் பாத்தார். அப்புறம் மெதுவா, "புதுக் குழல் என்ன விலைங்க ஆச்சு?"ன்னார். சொன்னேன். டப்பா பேச்சு அதோட நின்னது. 44 அங்குலம், பூசின எஃகு, .22 கம்பி ஒண்ணு, போர் கைடு ஒண்ணு, அதே மரையில ஜாக்கும் பிரஷ்ஷும். பாஸ்!

மாமனாருக்கு .30 அளவுல தனிக் கம்பி, 36 அங்குலம். பில்லைக் கேட்டுட்டு, "நான் ஒண்ணுன்னேன், நீங்க மூணும்பீங்கன்னு பாத்தேன், ரெண்டுல வந்து நின்னுருக்கு. பேரம் பரவால்ல மாப்ள"ன்னார்.

க்ளப் கம்பி இப்ப ஆயுத அறைச் சுவர்ல ஆணியில நேரா தொங்குது. சாய்ச்சு வெச்சா வளையும்னு சுபேதார் சார் உத்தரவு. யார் தொடைக்கணும்னு வாரத்துக்கு ஒருத்தர் பேரை எழுதி ஒட்டியிருக்காங்க. இந்த வாரம் அந்த ஆட்டோக்காரர் பையன். போன சனிக்கிழமை அவன் க்ளீன் பண்றதை ஓரமா நின்னு பாத்தேன். கைடைச் சொருகினான், கம்பியைத் துடைச்சான், துணியைக் குத்தி ஒரே சீரா தள்ளினான், வெளிய வந்ததும் துணி கீழ விழுந்தது. இழுக்குறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை கம்பியைத் துடைச்சான். அப்புறம் இலக்கு அட்டையைக் கொண்டுவந்து காட்டினான். பத்து குண்டும் ஒரு பத்து ரூபா காயினுக்குள்ள அடங்கி இருந்தது. "கை எல்லாம் நல்லாத்தான் இருக்கு அங்கிள்"னான்.

டிஸ்கி: கம்பியை எடுக்குறதுக்கு முன்னாடி துப்பாக்கியில தோட்டா இல்லைன்னு கண்ணாலயும் விரலாலயும் ரெண்டு தடவை பாருங்க. லைசன்ஸ் யார் பேர்ல இருக்கோ அவங்க கையிலதான் துப்பாக்கி இருக்கணும். நான் மாமனாருக்கு வாங்கிக் கொடுத்தது கம்பி மட்டும்தான் சாமி!